மூன்றாம் மாடியில் நிற்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே ஆண்டவன் கருணையால் எல்லோரும் நலம், உன் அத்தானின் முதுகைத் தவிர. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், பதவி உயர்வோடு உனக்கு வந்ததாகச் சொன்ன அந்தச் சுழல் நாற்காலியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "யார் யார் இருந்தாங்க, அதை முதல்ல சொல்லு" என்று கேட்பது சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம். அதைப் பார்த்துத்தான் உன்னைப் பயிற்சி மையங்களைக் கண்காணிக்கும் துறையில் போட்டார்களோ என்னவோ. ஆகையால் அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆய்வு நடந்த அன்று, எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், அரசு அங்கீகாரம் பெற்ற குளிர்சாதனப் பழுதுநீக்கப் பயிற்சி மையத்தில் இருந்தவர்கள்: உன் துறையிலிருந்து வந்த ஆய்வு அதிகாரி, மையத்தை நடத்துகிறவர், அவரைப் பிள்ளைகள் வாசனை சார் என்பார்கள், அவர் மூன்றாம் மாடியில் சென்ட் அடித்துக்கொண்டால் தரைத்தளத்தில் எங்களுக்குத் தும்மல் வரும், பயிற்றுநர் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், உண்மையான மாணவர்கள் ஆறு பேர், அதில் என் மகள் ஒருத்தி, உண்மையல்லாத மாணவர்கள் பதினான்கு பேர், அதில் உன் அத்தான் ஒருவர், நான், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். கடைசியில் எழுதியதால் ஃபிரிட்ஜைக் குறைத்து நினைக்காதே. அந்த அறையில் தன் வேலையைச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எங்கள் ஃபிரிட்ஜுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். சொல்கிறேன், பொறுமையாகப் படி, அலுவலகக் கோப்பு மாதிரி கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் அக்கா மகள் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததும், ஊசி மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கிற கிடங்குக் கம்பெனி ஒன்று அவளைப் பார்த்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மையத்திலிருந்து ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் சான்றிதழ் கொண்டுவந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறோம், கொண்டுவராவிட்டால் வாசல் காவலரைத் தாண்ட முடியாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். நம் கட்டிடத்திலேயே அங்கீகாரம் பெற்ற மையம் இருக்கிறதே, ஆண்டவன் படியேறும் தூரத்தில் வழி வைத்திருக்கிறானே என்று நானே அழைத்துப்போய்ச் சேர்த்தேன். வாசலில் உங்கள் துறை முத்திரை போட்ட பலகை, அதற்கு மாலை வேறு போட்டிருந்தார்கள். பலகையைப் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை. அது என் தப்புத்தான், ஆனால் தம்பி, உள்ளே பார்ப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான் இல்லை.

முதல் நாலு மாதம் தன்னம்பிக்கைப் பாடம். கண்ணாடி முன்னால் நின்று சிரிக்க வேண்டும், "என்னால் முடியும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எது முடியும் என்பது அடுத்த பருவத்தில் வரும் என்றார்கள். அடுத்த பருவம் வருவதற்குள் பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் இடத்தில், கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மேலே வந்து உட்கார ஆரம்பித்தார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாதவர். முதல் நாளே பிள்ளைகளிடம், "எனக்கு ஃபிரிட்ஜ் பத்தி ஒன்னும் தெரியாதுப்பா. என் மிஷின்ல நான் கத்துக்கிட்டது ஒன்னே ஒன்னு. எந்த மிஷினா இருந்தாலும் மொதல்ல பிளக்கைப் பாரு. பாதி ரிப்பேர் அதுதான்" என்று சொல்லிவிட்டு, மீதி வருஷம் முழுக்கப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மையத்தில் இருந்த ஒரே ஃபிரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது. அதற்குள் வாசனை சாரின் குடையும் மழைச் செருப்பும் இருந்தன. ஒரு வருஷத்தில் என் மகள் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டது அந்தக் கதவை மட்டும்.

இப்போது ஆய்வு. முதலில் நான் காதால் கேட்டதை எழுதுகிறேன், கண்ணால் பார்க்கவில்லை, ஆகையால் பாதி தள்ளுபடி செய்துகொள். இந்தப் பக்கத்து மையங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓடுகிற ஃபிரிட்ஜ்கள் மூன்றே மூன்றுதானாம். எந்த மையத்தில் ஆய்வோ அங்கே முந்தின நாளே வண்டியில் போய் இறங்கிவிடுமாம். உன் அதிகாரிகள் போகிற இடமெல்லாம் அதே மூன்றைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்நேரம் முகம் பழகியிருக்க வேண்டும், குசலம் விசாரித்திருக்க வேண்டும். எங்கள் மையத்தின் முறை வந்தபோது வண்டி நடுவழியில் படுத்துவிட்டது. வாசனை சார் வேர்க்க விறுவிறுக்க எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரே ஒரு நாள். காலைல மேல ஏத்துறோம், சாயங்காலம் கீழ இறக்கிடுறோம். உங்க பொண்ணு சர்டிபிகேட்டும் இதுலதான் இருக்கு."

"உள்ள சாமான் இருக்கே தம்பி."

"இருக்கட்டும்க்கா. வெறும் பெட்டியா இருந்தா அவங்களுக்கே சந்தேகம் வரும்."

லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடம். ஃபிரிட்ஜின் ஒரு முனையை நாலு பிள்ளைகள் பிடித்தார்கள், மறுமுனையை உன் அத்தான் பிடித்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், "இது மேல போறதுக்குள்ள நான் மேல போயிடுவேன் போலிருக்கு" என்றார். கைமாற்றாகக் கொடுத்தவற்றை எழுதி வைக்கும் என் வழக்கப்படி, பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை ஒரு கிண்ணம் என்ற வரிக்குக் கீழே, மாடிக்கு ஃபிரிட்ஜ் ஒன்று என்று எழுதினேன். சர்க்கரை திரும்பி வந்துவிட்டது.

உன் அதிகாரி வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அலைந்து களைத்த முகம். கையில் பலகை மாதிரி ஒரு கருவி, அதில் நீ ஒரு வருஷம் கண்விழித்து எழுதினாயே, "இதுல ஒரு ஈ கூடத் தப்பிக்க முடியாதுக்கா" என்று பெருமையடித்தாயே, அந்தக் கேள்விகள். குனிந்த தலையைக் கல்யாணப் பெண் மாதிரி அவர் லேசில் நிமிர்த்தவில்லை. கேள்வியைப் படிப்பார், வாசனை சார் பதில் சொல்வார், இவர் விரலால் தொடுவார். தீயணைப்பான் உண்டா, உண்டு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, உண்டு. அதன் சாவி தொலைந்து ஆறு மாதம் ஆகிறது என்பதைக் கேள்வி கேட்கவில்லை. மாணவர் வரிசையில் உன் அத்தான் மட்டும் நரைத்த தலையோடு இருந்ததால் அவரிடம் கொஞ்சம் நின்றார்.

"நீங்க எந்த பேட்ச்?"

"காலை பேட்ச்."

"எத்தனை நாளா வர்றீங்க?"

"முதுகு வலி ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

"திறன் மேம்பாட்டுக்கு வயசு ஒரு தடையே இல்ல சார்" என்றார் வாசனை சார். அதிகாரி ஏதோ ஒன்றைத் தொட்டார். தொட்டது நல்ல பதிலாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உன் அத்தானைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

அடுத்து வந்த கேள்வியில்தான் சிக்கல். மாணவர்கள் பழுது நீக்கிப் பழக ஒரு பழுதான சாதனம் இருக்க வேண்டுமாம். நியாயந்தான். ஆனால் மோட்டாரே இல்லாத பெட்டியைக் காட்டினால் உள்ளேயிருந்து குடை விழும். வாசனை சார் பின்பக்கமாகக் கையை நீட்டி, என் ஃபிரிட்ஜின் பிளக்கை மெதுவாக உருவினார். அத்தனை வருஷமாக என் சமையலறையில் ரீங்காரமிட்ட சத்தம் சட்டென்று நின்றது. யாரோ பேச்சை நிறுத்திய மாதிரி இருந்தது எனக்கு.

"இதோ சார், இதுதான் பழுது."

"யாராவது ஒரு ஸ்டூடன்ட் வந்து என்ன பழுதுன்னு பார்க்கட்டும்."

என் மகளைத் தள்ளிவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஆண்டவனைப் பார்த்தேன். ஃபிரிட்ஜை ஒரு சுற்று சுற்றினாள். பக்கவாட்டில் தட்டினாள். டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டாள். பிறகு தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பிளக் மாட்டல சார்" என்றாள்.

உன் அதிகாரி முதல்முறையாகப் புருவத்தை உயர்த்தினார், தலையை அல்ல. "கரெக்ட். சில சென்டர்ல ரெண்டு நாள் தேடுறாங்க" என்று சொல்லிக்கொண்டே, பழுது துல்லியமாகக் கண்டறியப்பட்டது என்பதைத் தொட்டார். "சரி பண்ணும்மா" என்றார். மாட்டினாள். பழுது நீக்கப்பட்டது என்பதையும் தொட்டார். கதவைத் திறந்தார். பால், காரட், உன் அத்தானின் கண் மருந்து, முந்தின நாள் மீந்த சாப்பாடு, ஒவ்வொரு டப்பாவிலும் நான் ஒட்டிவைத்த தேதிச் சீட்டு.

"இதெல்லாம் என்ன?"

"லோடு சார். வெறும் பெட்டில குளிர் சரியா தெரியாது. சுமை வெச்சு டெஸ்ட் பண்றோம்."

"தேதி எல்லாம் போட்டிருக்கே."

"அது எங்க பசங்க பதிவு முறை சார்."

பதிவு முறை சிறப்பு என்பதைத் தொட்டார். கதவில் நான் எழுதி ஒட்டிய வேண்டுதல் இருக்கிறதே, 'ஆண்டவனே, என் கை பட்டது எதுவும் கெடாமல் காப்பாற்று, திறக்கும்போது பொறுமையும் மூடும்போது மனநிறைவும் தா' என்று, அதை முழுக்கப் படித்தார். பாதுகாப்பு அறிவுரைகள் பார்வையில் வைக்கப்பட்டுள்ளன என்பதைத் தொட்டார். அதில் அவரைத் தப்பு சொல்ல முடியாது, அந்த மையத்துக்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். போகிற அவசரத்தில், குறைதீர்க்கும் குழுவில் அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருக்க வேண்டுமே என்றார். "இதோ அக்கா இருக்காங்களே" என்றார் வாசனை சார். எதற்கென்று கேட்பதற்குள் பேனா என் கையில் இருந்தது. பொட்டலம் மடித்து வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான், அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் அழகாகப் போட வேண்டும் என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது. அழகாகவே போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தார். ஃபிரிட்ஜின் நெற்றியில் வைத்து, நாலு மூலையும் தேய்த்து ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார். 'அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சாதனம். மையத்தின் உடைமை. அனுமதியின்றி இடம் மாற்றினால் அங்கீகாரம் ரத்து செய்யப்படும்.' கீழே ஒரு நீளமான எண்.

சாயங்காலம் இறக்கப் போனோம். வாசனை சார் ஃபிரிட்ஜுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். "தொடாதீங்கக்கா. நம்பர் ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சு. இனிமே எந்த நாள்ல வேணாலும் திடீர்னு வருவாங்க. இது இங்க இல்லேன்னா அங்கீகாரம் போச்சு, பசங்க அத்தனை பேர் சர்டிபிகேட்டும் போச்சு."

"ஸ்டிக்கரை மட்டும் பிச்சுட்டா?"

"பிச்சா அடியில இருக்கிற எழுத்து வெளிய தெரியும்க்கா. 'அகற்றப்பட்டது'ன்னு. என்ன செஞ்சாலும் போகாது."

உன் அத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு மூளை யாருக்கு? உன் தம்பி வேலையாத்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான், போன தடவை வந்தபோது அந்த ஸ்டிக்கரைப் பற்றி நீ சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினாய். ஈ தப்பவில்லை தம்பி. அக்காதான் மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து காலையில் பாலுக்கு மூன்று மாடி ஏறுகிறேன், மாலையில் காய்க்கு மூன்று மாடி ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மையம் பூட்டியிருக்கும், அன்றைக்குப் பால் இல்லாத தேநீர், உன் அத்தானின் கண்ணுக்கும் விடுமுறை. சுமை வைத்துச் சோதிப்பது இப்போது தினமும் நடக்கிறது. காலையில் நான் வைக்கிற சுமை மாலைக்குள் பாதியாகிவிடுகிறது, டப்பாவைக் கழுவி வைக்கிற மரியாதை மட்டும் பிள்ளைகளிடம் இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு நாள் வாசனை சார், "அக்கா, எப்படியும் மேல வர்றீங்க, அப்படியே இதுல ஒரு விரல் வெச்சுட்டுப் போங்களேன், எண்ணிக்கை குறையுது" என்றார். வருகைப் பதிவுக் கருவியாம். காலையில் பால் எடுக்கும்போது விரல் வைத்தால் உள்ளே வந்ததாகக் கணக்கு, மாலையில் காய் எடுக்கும்போது வைத்தால் வெளியே போனதாகக் கணக்கு, நடுவில் உள்ளதெல்லாம் படிப்பு. வீட்டுக் கணக்கில் உப்பு வாங்கியதைக்கூட விடாமல் எழுதுகிறவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா. விரல் வைக்கும்போதெல்லாம், ஆண்டவனே, நான் வந்தது உண்மை, போனதும் உண்மை, நடுவில் என்ன நடந்தது என்று இந்தக் கருவி என்னைக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். இப்படியாக அந்த மையத்திலேயே ஒரு நாளும் தவறாமல் வருகிற மாணவி நான்தான் ஆனேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் துறையின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமோ என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்த பெண் தேனாகப் பேசினாள்.

"உங்க பயிற்சி எண் சொல்லுங்கம்மா."

"நான் மாணவி இல்லம்மா, கீழ் வீட்டுக்காரி. ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரி."

"மாணவர்கள் மட்டும்தான் மா புகார் குடுக்க முடியும்."

"அப்ப மாணவின்னே வெச்சுக்கோ. விரல் வெச்சிருக்கேன்."

தேடிப் பார்த்தாள், இருந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன், பயிற்றுநர் இல்லை, பாடம் இல்லை, சுற்றுலா போகும் ஃபிரிட்ஜ்கள், என் ஃபிரிட்ஜ். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, உரியவருக்கு அனுப்புகிறோம் என்றாள். அனுப்பினார்கள். பத்து நாளில் உறை வந்தது. பிரித்துப் பார்த்தால், மேற்படி மையத்தின் மீது ஒரு மாணவி கடுமையான புகார் கொடுத்திருக்கிறார், குறைதீர்க்கும் குழுவின் பெண் உறுப்பினரான தாங்கள் பாரபட்சமின்றி விசாரித்து முடிவைத் தெரிவிக்கவும் என்று எனக்கே கடிதம். உன் அத்தான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. நான் சிரிக்கவில்லை. விசாரி என்று சொன்னால் விசாரிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புகாரை முதலிலிருந்து படித்தேன், புகார் கொடுத்தவளைப் பற்றி யோசித்தேன், நம்பகமானவள்தான் என்று பட்டது, அத்தனையும் உண்மை என்ற முடிவுக்கு வந்தேன். முடிவை எழுதலாம் என்று பார்த்தால் படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று, குறை தீர்க்கப்பட்டது. இன்னொன்று, புகார் திரும்பப் பெறப்பட்டது. குறை உண்மை என்பதற்குக் கட்டமே இல்லை. அந்தப் படிவமும் நீ எழுதியதுதானா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

உனக்கு நேரே எழுதப் போகிறேன் என்று மகளிடம் சொன்னபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எழுதாதேம்மா. சர்டிபிகேட் இன்னும் வரல. மாமா ஒரு கையெழுத்துப் போட்டா எல்லாம் ரத்து. நீ உண்மையச் சொல்லிட்டு உன் ஃபிரிட்ஜை எடுத்துட்டு வந்துடுவே. நான் எதை எடுத்துட்டு வரட்டும்?"

"ஒன்னும் தெரியாம அங்க போய் என்ன செய்வே? அது ஊசி மருந்து வைக்கிற இடம்டி. யாரோ பெத்த குழந்தைக்குப் போடுறது. உன் கையில கெட்டுப்போச்சுன்னா?"

"நான் கத்துக்க மாட்டேன்னா சொன்னேன்? ஒரு வருஷமா தினம் போனேனேம்மா. கத்துக்குடுக்க அங்க ஒரு ஆள் இல்ல. அதுக்கு என்னைத் தண்டிக்கிறே."

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்க வேண்டும் தம்பி. மூன்றாம் நாள் அவளே வந்து, "எழுது. ஆனா பிளக்கைக் கண்டுபிடிச்சேன்ல, அதையும் எழுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, தம்பி, என் பெண்ணின் ஒரு வருஷம் போனாலும் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேட்கிறேன். இந்த மையத்தின் அங்கீகாரத்தை ரத்து செய். கருவியைத் தொடுகிற அதிகாரியை அனுப்பாதே, நீயே வா, சொல்லாமல் வா, பிள்ளைகளிடம் ஒரு ஃபிரிட்ஜைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிப் பார். உண்மையாகப் பாடம் நடக்கிற மையம் எங்கேயாவது இருந்தால், இருந்தால் என்று சொல்கிறேன், உன் அக்கா மகளை அங்கே முதலிலிருந்து சேர்த்துவிடு. அந்தப் புகார்ப் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடு. அந்த ஸ்டிக்கரை உன் கையாலேயே உரித்துவிட்டுப் போ. வருகிற அன்று ஃபிரிட்ஜின் மறுமுனையை நீதான் பிடிக்க வேண்டும், உன் அத்தான் இனிமேல் எந்த முனையையும் பிடிக்க மாட்டார்.

உன் மனைவிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும், கேள்வி எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கிற கண்ணையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மீது எப்போதும் பாசமும் இப்போது கொஞ்சம் கோபமும் உள்ள
அக்கா

பி.கு.: உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து வாசனை சார் சான்றிதழ்களோடு இறங்கி வந்தார். அதை வாங்கிக்கொண்டு மகள் பக்கத்துத் தெருவிலிருக்கிற கம்பெனிக்கு ஓடினாள், ஆகையால் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இப்போதுதான் திரும்பி வந்தாள். நாலு பேரை நிற்கவைத்து, ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்றைக் காட்டி, என்ன பழுது என்று கேட்டார்களாம். முதலில் போன மூன்று பேரும் முறையாகப் படித்த பிள்ளைகள், பின்பக்கத்தைக் கழற்றி ஒயர் ஒயராகப் பார்த்தார்களாம். கடைசியாகப் போன இவளுக்கு வேறு எதுவும் தெரியாததால் பிளக்கைப் பார்த்திருக்கிறாள். அதுதான் பழுதாம், வேண்டுமென்றே பாதி உருவி வைத்திருந்தார்களாம். அங்குள்ள தலைமை மெக்கானிக், "மத்ததெல்லாம் நாங்க கத்துக்குடுத்துக்குறோம், இதைத்தான் யாருக்கும் கத்துக்குடுக்க முடியல" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் மருந்துப் பெட்டி எதையும் தொட விடாமல், பழைய பெட்டிகளைப் பிரித்துக் காட்டிச் சொல்லித்தருவார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன், அவருக்கு எதற்கென்று புரியவில்லை.

இன்னொன்று. வாசனை சார் கொண்டுவந்த உறையில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. மகளுக்கு இரண்டாம் வகுப்பு. வருகை குறையாததால் எனக்கு முதல் வகுப்பு. உன் அத்தான் அதைப் படித்துவிட்டு, ஓடாத மிக்ஸியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

ஆகவே மேலே எழுதியதை நீ இப்போதைக்குப் படிக்காததாக வைத்துக்கொள். கிழித்துவிடாதே, அவள் வேலையில் நிலைத்த பிறகு எடுத்துத் திரும்பப் படி. ஃபிரிட்ஜ் அதுவரை மேலேயே நிற்கட்டும், படியேறுவது உடம்புக்கு நல்லதுதான். கம்பெனியிலிருந்து உன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்களாம், இது அங்கீகரிக்கப்பட்ட மையந்தானா என்று கேட்டு. அதை மட்டுந்தான் கேட்பார்களாம். அங்கே பாடம் நடக்கிறதா என்று கேட்கமாட்டார்களாம். ஜெராக்ஸ் கடையில் உன் கேள்விகளின் நகல் ஒன்று இருந்தது, முழுவதையும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன், நீயும் அதைக் கேட்கவில்லை.

அவர்களுக்குப் பதில் சீக்கிரம் போடு.